தாழ்ந்த வெப்பத்தில் தெளிப்பு உலர்த்தல்: யாழ்ப்பாணத்துச் சிறு உற்பத்தியாளருக்கான முழுமையான வழிகாட்டி

நெல்லிச்சாறு, கறுத்தக்கொழும்பான் மாம்பழக்கூழ், பீற்றூட் சாறு, தயிர் போன்றவற்றைத் தெளிப்பு உலர்த்தியில் பொடியாக்க நினைக்கும் நம்மூர் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இயந்திரத்தை எத்தனை பாகையில் ஓட்ட வேண்டும் என்பதைத்தான். வெப்பத்தைக் குறைத்தால் நிறமும் மணமும் விற்றமின் சீயும் காப்பாற்றப்படும் என்ற எண்ணம் சரியானதே. ஆனால் வெப்பநிலையை மட்டும் குறைத்துவிட்டு, கடலால் சூழப்பட்ட குடாநாட்டின் காற்றை அப்படியே உள்ளே இழுத்தால், காற்றிலிருந்து பொடியைப் பிரிக்கும் சைக்கிளோன் கூம்பின் சுவரில் அப்பிக்கொள்ளும் பிசுக்குத்தான் மிஞ்சும். யாழ்ப்பாணத்தில் தாழ்ந்த வெப்ப உலர்த்தலின் முதல் வேலை காற்றை உலர்த்துவது. வெப்பநிலையைத் தெரிவுசெய்வது அதற்குப் பிறகுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் காற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது

திரவத்தை நுண்துளிகளாகச் சிதறடித்துச் சூடான காற்றில் உலர்த்தும் முறைக்கு சாமுவேல் பெர்சி என்பவர் அமெரிக்காவில் 1872 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அடிப்படை இன்றும் மாறவில்லை. சாறு ஒரு நொசிலின் ஊடாகவோ வேகமாகச் சுழலும் தட்டின் விளிம்பிலிருந்தோ துளிகளாகச் சிதறுகிறது. ஒரு லீற்றர் சாறு 50 மைக்ரோன் விட்டமுள்ள துளிகளாக உடைந்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 120 சதுர மீற்றர் ஆகிவிடும். அவ்வளவு பரப்பிலிருந்து நீர் ஒரே சமயத்தில் ஆவியாவதால் உலர்த்தல் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. பின்னர் சைக்கிளோன், காற்றோடு வரும் பொடியைச் சுழற்றிப் பிரித்துக் கீழேயுள்ள சாடிக்குள் இறக்குகிறது.

வழக்கமான ஓட்டத்தில் உட்செல்லும் காற்று 150 முதல் 220 பாகை செல்சியஸ் வரையும், வெளியேறும் காற்று 70 முதல் 95 பாகை வரையும் இருக்கும். உட்செல் வெப்பநிலையைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். துளியில் நீர் தாராளமாக இருக்கும் வரை அது காற்றின் வெப்பநிலைக்கு ஏறுவதில்லை. குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும் அளவை ஒட்டியே நிற்கும். நம்மூர்க் காற்றை 170 பாகைக்குச் சூடாக்கினால் அந்த அளவு ஏறக்குறைய 48 பாகைதான். சேதம் நடப்பது பிற்பகுதியில்: துளியின் மேல் தோல் கட்டிய பிறகு அதன் சூடு வெளியேறு காற்றின் வெப்பநிலையை நோக்கி ஏறத் தொடங்குகிறது, அந்தச் சூட்டோடு சேகரிப்புச் சாடியில் ஒரு மணித்தியாலம் கிடக்கும் பொடி, விநாடிக் கணக்கில் பறந்த பொடியைவிடப் பலமடங்கு இழக்கிறது. சுவரில் ஒட்டிக்கிடந்து பழுப்பாகி உதிரும் துணுக்குகளின் கதையும் அதுவே. எனவே நாம் உண்மையில் இறக்க வேண்டியது வெளியேறு வெப்பநிலையை. 80 இலிருந்து 50 பாகைக்கு அதைக் கொண்டுவருவதே இங்கு பேசப்படும் முறையின் இலக்கு.

முதற்படி: பொருளைத் தெரிவுசெய்தல்

எல்லாவற்றையும் இந்த இயந்திரத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. முருங்கை இலையை நிழலிலோ 50 பாகைத் தட்டு உலர்த்தியிலோ காயவைத்து அரைத்தால் நல்ல தூள் மலிவாகக் கிடைக்கும். அதைச் சாறாக்கித் தெளிப்பது வீண்செலவு. ஒடியலுக்கும் பினாட்டுக்கும் நம் வெயிலே போதும். சாறாகவோ கரைசலாகவோ இருப்பதும், சூட்டில் கெடுவதும், பொடியாகும்போது விலை கூடுவதும் ஆகிய மூன்றும் ஒரு பொருளில் சேர்ந்தால்தான் இந்தச் செலவு நியாயமாகும். நெல்லி விற்றமின் சீக்காகவும், பீற்றூட் அதன் சிவப்பு நிறத்துக்காகவும், தயிர் அதிலுள்ள உயிருள்ள நுண்ணங்கிகளுக்காகவும் தகுதி பெறுகின்றன. மாம்பழம் மணத்துக்காகத் தகுதி பெற்றாலும் ஒட்டும் குணத்தால் மிகவும் சிரமம் தரும். பனங்களியில் பெக்ரினும் நாரும் அதிகம், கசப்பூட்டும் பிளபெலிஃபெரின் என்ற சபோனினும் உண்டு. சபோனின் நுரைக்கும், நுரைத்த சாறு காற்றடைத்த இலேசான பொடியாகிப் பொதியை நிறைக்கும். பனங்களியில் இறங்க விரும்புவோர் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனத்தில் முதலில் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஒட்டும் குணத்தைச் சற்று விளக்க வேண்டும். வேகமாக உலரும் சீனி பளிங்காவதில்லை. கண்ணாடிபோல் உறைந்த நிலைக்குப் போகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அந்தக் கண்ணாடி இளகி றப்பர்போல் ஆகும். அதற்கு மேல் இன்னும் 10 முதல் 20 பாகை ஏறினால் துணிக்கைகள் ஒன்றோடொன்றும் சுவரோடும் ஒட்டத் தொடங்கும். நீரே இல்லாத நிலையில், கண்ணாடி இளகும் இந்த வெப்பநிலை (கண்ணாடிநிலை வெப்பநிலை) புரக்டோசுக்கு ஏறத்தாழ 5 பாகை, குளுக்கோசுக்கு 31, சுக்குரோசுக்கு 62, பாலிலுள்ள லக்டோசுக்கு 101. பால் சிரமமின்றிப் பொடியாவதும், பழச்சாறு சுவரில் படிவதும் இந்த எண்களால்தான். பொடியில் நீர் சிறிதே கூடினாலும் இவை வேகமாக இறங்கிவிடும். வெப்பத்தைக் குறைப்பது ஒட்டுதலைக் குறைக்கும் என்பது உண்மை; வெப்பத்தைக் குறைத்ததால் பொடியில் ஈரம் மிஞ்சினால் அந்த இலாபம் முழுவதும் போய்விடும் என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவைத் தீர்மானிப்பது உட்செல்லும் காற்றின் ஈரப்பதன்.

இரண்டாம் படி: காற்றை உலர்த்துதல்

இங்கு கணக்கு அவசியம். சாரீரப்பதன் என்பது, அந்தச் சூட்டில் காற்றால் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்ற அளவு. 30 பாகையும் 80 வீதச் சாரீரப்பதனும் உள்ள ஒரு சாதாரண நாளில், ஒரு கிலோகிராம் உலர்காற்றோடு ஏறக்குறைய 21.5 கிராம் நீராவி கலந்திருக்கும். மாரியில் 26 பாகையும் 90 வீதமும் இருக்கும் நாளில் அந்த அளவு 19 கிராம். மாரியில்தான் காற்று ஈரமாக இருக்கிறது என்று நம் உடல் சொன்னாலும், இயந்திரத்துக்கு இரு பருவமும் ஏறக்குறைய ஒன்றே. சோளகம் வீசும் மாதங்களில் ஓட்டினால் காற்று உலர்த்தி தேவையில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மூன்று ஓட்டங்களை ஒப்பிடுவோம். சுவர் வழியே போகும் வெப்ப இழப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. வழக்கமான முறையில் 170 பாகையில் நுழைந்து 80 பாகையில் வெளியேறும் நம்மூர்க் காற்று, கிலோவுக்கு 35 கிராம் நீரை எடுத்துச் செல்கிறது. வெளியேறும்போது அதன் சாரீரப்பதன் 18 வீதம். பொடி நன்றாக உலர்கிறது. அதே காற்றை உலர்த்தாமல் 90 பாகையில் நுழைத்து 50 பாகையில் வெளியேற்றினால், கிலோவுக்கு 16 கிராம் நீர் போகும். ஆனால் வெளியேறு காற்றின் சாரீரப்பதன் 47 வீதமாக உயர்ந்துவிடும். 50 பாகைச் சூட்டோடு அந்த ஈரத்தில் மிதக்கும் பழப்பொடி இளகாமல் இருக்க வழியே இல்லை. மூன்றாவதாக, காற்றை முதலில் கிலோவுக்கு 3 கிராம் வரை உலர்த்தி, அதே 90க்கும் 50க்கும் இடையில் ஓட்டினால், போகும் நீர் ஏறக்குறைய முன்னைய அளவே. வெளியேறு சாரீரப்பதன் மட்டும் 24 வீதமாக இறங்கிவிடும். துளியின் ஈரக்குமிழ் வெப்பநிலையும் 30 பாகைக்கு வந்துவிடும். நெல்லிச்சாறு நம் முற்றத்து வெயிலின் சூட்டைக்கூடக் காணாமல் தன் நீரின் பெரும்பகுதியை இழக்கிறது. ஈரத்துணி 30 பாகைச் சோளகத்தில் விறைக்கக் காய்வதும், அதே சூட்டில் மழைக்கு முந்திய புழுக்கத்தில் நாளெல்லாம் கொடியில் ஈரமாகவே தொங்குவதும் போன்றதுதான் இது.

காற்றை உலர்த்த இரண்டு கட்டங்களாக ஏற்பாடு செய்வதே சிக்கனம். முதலில் குளிரூட்டும் சுருளின் ஊடாகக் காற்றை 7 பாகை வரை குளிர்வித்தால் நீராவி கிலோவுக்கு 6 கிராமாக இறங்கும். ஈரத்தின் பெரும்பங்கு இங்கேயே சொட்டி வடிந்துவிடும். அதற்குப் பிறகு சிலிக்கா ஜெல் பூசிய சுழல் சக்கரத்தின் ஊடாகச் செலுத்தினால் 3 கிராமையோ அதற்குக் குறைவையோ எட்டலாம். ஈரம் உறிஞ்சிய சக்கரத்தை மீள உலர்த்த 120 பாகை அளவிலான சூடான காற்று வேண்டும். அதற்கான மின்சாரத்தைத் திட்டத்தில் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு முதல் இல்லாதவர்கள் குளிரூட்டும் சுருளோடு மட்டும் தொடங்கலாம். 6 கிராம் காற்றில் பீற்றூட்டும் தயிரும் சரிவரும்; மாம்பழத்தை அப்போது தொடவேண்டாம் என்பது என் கருத்து.

மணிக்கு 300 கிலோகிராம் காற்று, அதாவது ஏறக்குறைய 260 கன மீற்றர், ஓடும் ஒரு சிறிய ஆலையை எடுத்துக்கொண்டால், இந்த ஊரின் காற்றிலிருந்து மணிக்கு ஐந்தரை லீற்றர் நீரை நாம் பிடித்து வெளியே விட வேண்டியிருக்கும். அதே நேரத்தில் சாற்றிலிருந்து ஆவியாவது, சுவர் வழியே போகும் வெப்ப இழப்பையும் கழித்தால், நாலு லீற்றர் அளவே. சாற்றை உலர்த்துவதைவிடக் காற்றை உலர்த்துவதற்கே கூடுதல் உழைப்புப் போகிறது என்பதை இயந்திரம் விற்பவர்கள் எளிதில் சொல்லமாட்டார்கள். விலை கேட்கும்போது நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு நல்ல வழி பிறக்கிறது. மூன்றாவது ஓட்டத்தில் வெளியேறும் காற்றில் கிலோவுக்கு 18 முதல் 19 கிராம் நீராவிதான் இருக்கிறது. வெளிக்காற்றில் இருப்பது 21.5. அதாவது நாம் புகைபோக்கியால் வெளியே தள்ளும் காற்று, யன்னலால் உள்ளே இழுக்கும் காற்றைவிட உலர்ந்தது. அதை நுண்வடியால் வடித்து, முதலில் சாதாரண நீரால் 32 பாகை வரை குளிர்வித்து, பிறகு குளிரூட்டும் சுருளுக்குத் திருப்பி அனுப்பினால் உலர்த்தும் செலவு ஓரளவு குறையும். தூசியும் உப்புக்காற்றும் உள்ளே வருவதும் குறையும். பொருளை மாற்றும்போது மணம் கலக்காதிருக்கக் குழாய்கள் முழுவதையும் கழுவ வேண்டும் என்பதே இதிலுள்ள தொல்லை. ஒரே பொருளை நாட்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குளிர்விக்கக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நம் நீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது, குழாய்களில் வெள்ளைப் படிவு விரைவில் பிடிக்கும், சித்திரிக் அமிலக் கரைசலால் காலந்தோறும் அதைக் கரைக்காவிட்டால் குளிரூட்டல் படிப்படியாகத் தளர்ந்துபோகும்.

வேறு வழிகள்

வெற்றிடத்தில் தெளித்து உலர்த்தும் கருவிகள் உண்டு. அமுக்கம் 10 கிலோபஸ்காலுக்கு இறங்கினால் நீர் 46 பாகையிலேயே கொதிக்கும் என்பதே அவற்றின் அடிப்படை. துளிகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, நைதரசன் வாயுவில் உலர்த்தும் நிலைமின் முறையும் இப்போது வணிக அளவில் வந்திருக்கிறது. மணப்பொருள்களுக்கு அது மிகச் சிறந்தது. இரண்டும் விலைகூடியவை, பழுது வந்தால் இங்கு சரிசெய்ய ஆள் கிடைப்பது கடினம். உலர்காற்று முறையிலுள்ள குளிரூட்டும் பகுதியை மீன் ஐஸ் அறைகளில் வேலைசெய்யும் நம் குளிரூட்டித் தொழினுட்பர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதுமானது.

மூன்றாம் படி: சாற்றைத் தயாரித்தல்

50 பாகையில் உலர்த்துவது கிருமிகளைக் கொல்லாது. தாழ்ந்த வெப்ப முறையில் கவனக்குறைவு மிகவும் ஆபத்தாகும் இடம் இது. பொடியில் அவை பெருகாமல் உறங்கிக் கிடக்கும். வாங்கியவர் நீரில் கலக்கியதும் விழித்துக்கொள்ளும். ஆகவே சாற்றைத் தெளிப்பதற்கு முன்பு பாச்சர் முறையில் சூடாக்கியே ஆகவேண்டும். நெல்லி போன்ற புளிப்பான சாற்றுக்குத் தட்டு வெப்பமாற்றியில் 90 பாகையில் 30 விநாடி கொடுத்து உடனே குளிர்விப்பது நல்லது. அப்படியானால் தாழ்ந்த வெப்பத்தில் உலர்த்துவதன் பயன் என்ன என்று கேட்கலாம். சில விநாடிச் சூட்டில் விற்றமின் சீ இழப்பது சிறிதே; நிறத்தையும் சத்தையும் பின்னர் அழிக்கக்கூடிய நொதியங்களையும் அதே சூடு செயலிழக்கச் செய்கிறது. தயிரை மட்டும் இப்படிச் சூடாக்க முடியாது. அங்கு பாலை முதலில் நன்றாகக் காய்ச்சி, குளிர்ந்த பிறகு உறையிட்டு, அதன்பின் எல்லாவற்றையும் சுத்தமாகக் கையாள்வதே வழி.

பழத்தைத் தெரிவதும் கழுவுவதும் எவரும் அறிந்தவை. பாத்திரங்கள் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்: செம்பு பட்டால் விற்றமின் சீ வேகமாக ஒட்சியேறும், இரும்பு பட்டால் நெல்லியின் தனின் கறுத்துவிடும். மாம்பழக்கூழுக்கும் பனங்களிக்கும் பெக்ரினேசு நொதியத்தை இட்டு 45 முதல் 50 பாகையில் ஒரு மணித்தியாலம் முதல் இரண்டு வரை வைத்தால் கூழ் தளர்ந்து ஓடும். பீற்றூட் சாற்றில் சிறிது தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பீஎச் அளவை 5 அளவில் வைத்தால் சிவப்பு நிலைக்கும். எல்லாச் சாற்றையும் கடைசியில் 100 மைக்ரோன் வலையால் வடியுங்கள். நொசிலின் துளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, ஒரேயொரு நார் அடைத்தாலும் ஓட்டம் நின்றுவிடும்.

நான்காம் படி: தாங்கிப் பொருள்

பழச்சாறு தனியே பொடியாகாது. அதன் கண்ணாடிநிலை வெப்பநிலையை உயர்த்த, மாப்பொருளிலிருந்து செய்யப்படும் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற ஒன்று வேண்டும். மாப்பொருள் எவ்வளவு தூரம் சீனியாக உடைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண் டெக்ஸ்ட்ரோசு சமானம். அது 10 உள்ள மால்டோடெக்ஸ்ட்ரினின் கண்ணாடிநிலை 160 பாகை அளவில் இருக்கிறது. சமானம் 20 உள்ளதை வாங்கினால் விலை குறையலாம், ஆனால் அதில் சிறு சீனிகள் அதிகம், ஒட்டுதலும் அதிகம். வாங்கும்போது பையின் மேல் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மணத்தைப் பிடித்துவைக்க அதில் ஒரு பங்கை அராபியப் பிசினாக மாற்றலாம்.

மோர்ப்புரதம் மாம்பழத்துக்கு அருமையான துணை. துளியின் மேற்பரப்புக்கு ஓடிவந்து தோல் கட்டும் குணம் அதற்கு இருப்பதால், திண்மத்தில் சில வீதம் சேர்த்தாலே மால்டோடெக்ஸ்ட்ரினின் தேவையைப் பெருமளவு குறைக்கலாம். சாற்றைச் சூடாக்கிக் குளிர்வித்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். 70 பாகைக்கு மேல் அது திரையத் தொடங்கும். நெல்லியில் இதைப் பயன்படுத்தாதீர்கள். நெல்லியின் தனின் புரதத்தைப் பிடித்துத் திரையாக அடியில் இறக்கிவிடும்.

அளவை ஒரு கணக்கால் பார்ப்போம். 10 கிலோகிராம் நெல்லிச்சாறு, கரைந்த திண்மத்தின் வீதத்தைக் காட்டும் பிரிக்ஸ்மானியில் 9 காட்டினால் அதில் 900 கிராம் திண்மம் உண்டு. சம எடை மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தால் 10.9 கிலோகிராம் கலவையில் 1.8 கிலோகிராம் திண்மம், அதாவது 16.5 வீதம். 4 வீத ஈரத்தோடு வெளிவந்தால் கணக்கின்படி 1.87 கிலோகிராம் பொடி. சுவரிலும் வடியிலும் போவதை விட்டு 70 வீதம் கைக்கு வந்தால் 1.3 கிலோகிராம். ஆவியாக்க வேண்டிய நீர் 9 கிலோகிராம். மேலே சொன்ன 300 கிலோகிராம் காற்றோட்ட ஆலையில் இரண்டேகால் மணித்தியால வேலை. வழக்கமான வெப்பத்தில் அதே ஆலை இதைப் பாதிக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிடும். தாழ்ந்த வெப்பத்தின் விலை இதுதான். உங்கள் பொடியின் விற்பனை விலை இதைத் தாங்குமா என்று இயந்திரம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சாற்றை வெற்றிடத்தில் 50 பாகைக்குக் கீழே வற்றவைத்துத் திண்மத்தை உயர்த்த முடிந்தால் நேரம் வெகுவாகக் குறையும். சாறு நொசிலில் சிதற முடியாத அளவு தடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: ஓட்டம்

முதலில் காற்று உலர்த்தியை மட்டும் ஓட்டி, ஈரமானி நீங்கள் விரும்பும் அளவுக்கு இறங்கி அங்கேயே நிலைக்கும் வரை காத்திருங்கள். பின்னர் சூடாக்கியை 90 பாகைக்கு வையுங்கள். அறை முழுவதும் சூடேறிய பிறகு நொசிலுக்கு அமுக்கக் காற்றைத் திறந்து, சாற்றுக்குப் பதிலாக வடித்த நீரைச் செலுத்துங்கள். நீரின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து வெளியேறு வெப்பநிலையை 50க்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகே சாற்றுக்கு மாறுங்கள். அமுக்கக் காற்றும் ஈரம் நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கொம்பிறெசர் தாங்கியின் அடியில் சேரும் நீரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு வெளியேற்றாவிட்டால் அது துளித்துளியாக நொசிலுக்கு வந்துசேரும்.

அதற்குப் பிறகு உங்கள் கை இருக்க வேண்டிய இடம் பம்பி. வெளியேறு வெப்பநிலை 50 இலிருந்து 47க்கு இறங்கினால் சாற்றின் ஓட்டத்தைச் சிறிது குறையுங்கள், ஏறினால் சிறிது கூட்டுங்கள், சூடாக்கியைத் தொடாதீர்கள். ஒரு மாற்றம் செய்தால் அது நிலைக்கும் வரை அடுத்ததைச் செய்யவேண்டாம்.

கண்ணாடிச் சைக்கிளோன் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், எதையும் நேரில் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருக்கும்போது பொடி புகைபோலச் சுழன்று இறங்கும்; கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய வெண்திரை மட்டும் படியும், வெளியிலிருந்து விரலால் தட்டினால் அது சரிந்து விழும். ஈரம் கூடத் தொடங்கும்போது முதலில் அந்தத் திரை தட்டினாலும் விழாது. அடுத்து சைக்கிளோனின் கூம்பு ஒடுங்கும் இடத்தில் பொடி வளையமாகத் தடிக்கும். பிறகு அந்த வளையத்திலிருந்து சிலந்திவலை இழைகளைப் போன்ற நூல்கள் காற்றில் ஆடும். பொடி இளகி இழுபடுகிறது என்பதன் அடையாளம் அது. நூல் தெரிந்தபின் பம்பியைக் குறைத்துப் பயனில்லை: சாற்றை நிறுத்தி, நீருக்கு மாறி, சைக்கிளோனைக் கழற்றிக் கழுவி உலர்த்திவிட்டே மறுபடி தொடங்க வேண்டும். உலர்த்தும் அறையில் நொசிலுக்கு நேரே சுவரில் ஈரப்பொட்டுகள் விழுந்தால் காரணம் வேறு: துளி பெரிதாக இருக்கிறது. அமுக்கக் காற்றைக் கூட்டுங்கள் அல்லது கலவையைச் சற்று ஐதாக்குங்கள். துளியின் விட்டம் இரட்டித்தால் உலரும் நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். தாழ்ந்த வெப்பத்தில் அவ்வளவு பொறுமை அறைக்கு இல்லை.

நெல்லிக்கும் பீற்றூட்டுக்கும் 90 உள்ளே, 50 வெளியே என்று தொடங்குங்கள். மாம்பழத்துக்கும் அதே அளவு பொருந்தும், ஆனால் காற்று 3 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. தயிருக்கு வெளியேறு வெப்பநிலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நுண்ணங்கிகள் பிழைக்கும். கொழுப்பு நீக்கிய பாற்பொடி சேர்ப்பது அவற்றுக்குக் கவசமாகும்.

முடிக்கும்போது சாற்றை நிறுத்தி நீருக்கு மாறி, சூடாக்கியை அணைத்து, அறை ஆறும் வரை காற்றை ஓடவிடுங்கள்.

ஆறாம் படி: சேகரித்தலும் பொதியிடலும்

இவ்வளவு பாடுபட்டு 4 வீத ஈரத்துக்குக் கொண்டுவந்த பொடியை 80 வீத ஈரக்காற்றில் திறந்து வைத்தால், நிறுப்பதற்கு எடுக்கும் நேரத்துக்குள்ளேயே அது கட்டிபடத் தொடங்கும். சாடியை அரைமணிக்கு ஒருமுறை மாற்றி, உடனே மூடி, மூடியபடியே அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். சூட்டோடு பொதியிட்டால் உள்ளே நீர் வியர்க்கும். குளிர்பெட்டியில் வைத்து எடுத்த சாடியைத் திறந்தால் வெளிக்காற்றின் நீர் பொடியின்மேல் படியும். பொதியிடும் அறை சிறியதாக, கதவு இறுக்கமாக, சாரீரப்பதன் 40 வீதத்துக்குக் கீழே இருக்கட்டும். சாதாரண ஏசி மட்டும் இதை எட்டாது. தனியான ஈரநீக்கி ஒன்று வேண்டும். பணம் குறைவாக இருந்தால் இயந்திரத்தின் அளவைக் குறைத்தாவது இந்த அறையைக் கட்டுங்கள் என்றே எவருக்கும் சொல்வேன். பொதிக்கு அலுமினியத் தகடு சேர்ந்த பல்லடுக்குப் பை தேவை. ஒளிபுகும் பொலித்தீன் பையில் பீற்றூட்டின் சிவப்பும் மாம்பழத்தின் மஞ்சளும் நிலைக்காது. மாம்பழப் பொடிக்கு நைதரசன் நிரப்பினால் கரோட்டின் ஒட்சியேறுவது குறையும்.

ஏழாம் படி: சோதனை

நீர்ச் செயற்பாடு (பொடியில் கட்டுப்படாமல் இருக்கும் நீரைக் காட்டும் அளவு) 0.3க்குக் கீழே, ஈரம் 5 வீதத்துக்குக் கீழே என்பவை நல்ல இலக்குகள். ஈரத்தை 105 பாகை அடுப்பில் அளந்தால் பழச்சீனி சிதைந்து அதுவும் ஈரமாகக் கணக்கில் வந்துவிடும். 70 பாகை வெற்றிட அடுப்பில் அளப்பதே சரி. விற்றமின் சீயைச் சாற்றில் ஒருமுறை, பொடியில் ஒருமுறை நியமிப்பு (titration) முறையில் அளந்து, திண்மத்தின் அடிப்படையில் ஒப்பிடுங்கள். கிருமி எண்ணிக்கைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. இறுக்கமாக மூடும் போத்தலின் அடியில் உப்பைக் கரையாமல் மிஞ்சும் அளவுக்கு நீரில் கலந்து வைத்தால், உள்ளே காற்றின் சாரீரப்பதன் 75 வீதமாக நிலைத்து நிற்கும். ஆனையிறவு உப்பே போதும். நிறுத்த பொடியை ஒரு சிறு தட்டில் அந்தக் கரைசலுக்கு மேலே வைத்து, நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கலவையும் எவ்வளவு வேகமாக ஈரம் இழுக்கிறது, எப்போது கட்டிபடுகிறது, எப்போது பாகாகிறது என்பதை இது நேரில் காட்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் அளவை எங்கே நிறுத்தலாம் என்பதையும் இதைக்கொண்டே தீர்மானிக்கலாம்.

சுத்தமும் பாதுகாப்பும்

ஓட்டம் முடிந்த அன்றே கழுவுங்கள். முதலில் இளஞ்சூட்டு நீர், பிறகு காரக் கரைசல், பிறகு சித்திரிக் அமிலக் கரைசல், கடைசியில் எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) முறையில் வடித்த நீர். கிணற்று நீரால் கடைசிக் கழுவலைச் செய்தால் நொசிலின் துளையில் சுண்ணாம்பு படியும். பூரணமாக உலராத குழாயில் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கக்கூடாது.

நுண்பொடி காற்றில் மிதக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். 50 பாகையில் ஓட்டுவதால் இந்த ஆபத்துக் குறையும், இல்லாமற் போகாது. உலர்ந்த காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேரும் என்பதால் உலோகப் பகுதிகள் அனைத்தையும் புவித்தொடுப்புச் செய்யுங்கள். வடிப்பைகளைத் தட்டும்போது முகக்கவசம் அணியுங்கள்.

கடைசிப் படி: லேபலில் எழுத வேண்டியது

மேலே கணக்குப் பார்த்த நெல்லிப் பொடியின் திண்மத்தில் பாதி மால்டோடெக்ஸ்ட்ரின். யாழ்ப்பாணத்தில் நெல்லிப் பொடியை விரும்பி வாங்குபவர்களில் பலர் நீரிழிவு உள்ளவர்கள். மால்டோடெக்ஸ்ட்ரினோ இரத்தத்தில் குளுக்கோசை வேகமாக ஏற்றுவது. ஆகவே அதன் வீதத்தைச் சிறிய எழுத்தில் ஒளிக்காமல், பெயருக்கு அருகிலேயே தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். நீரிழிவு உள்ளவர்களையே வாடிக்கையாளராகக் கொண்டவர்கள் தாங்கியை அராபியப் பிசினுக்கு மாற்றி, உப்புப் போத்தல் சோதனையால் அளவைத் திரும்பத் தீர்மானிக்கலாம். விலை கூடும், கரைசல் தடிப்பாக இருப்பதால் சாற்றை இன்னும் ஐதாகத் தெளிக்கவும் வேண்டியிருக்கும். தயிர்ப்பொடியில் உயிருள்ள நுண்ணங்கிகள் உண்டு என்று எழுதுவதானால், பொதியிட்ட நாளின் எண்ணிக்கையை எழுதாமல், 30 பாகையில் வைத்த மாதிரியில் காலாவதி நாளன்று எஞ்சியிருப்பதை எண்ணி அதையே எழுதுங்கள். பால் சார்ந்த எதுவும், மாம்பழப் பொடியில் சேர்த்த மோர்ப்புரதம் உட்பட, ஒவ்வாமை உள்ளவர்கள் உடனே காணும்படி தனி வரியில் இருக்க வேண்டும்.